பெயர் இல்லாத கறுப்புப் பை



தைப்பூச இரதம் டத்தோ கிராமாட் சாலையில் வரும்போது தேங்காய் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாலை முழுவதும் ஓடும் சில்லும் குவிந்து கிடக்கும். இரதம் நகர்ந்ததும் துப்புரவுப் பணியாளர்கள் வந்து எல்லாவற்றையும் அள்ளி லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்படி அள்ளுகிறவர்களில் ஒருவர் என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் அப்பா. இந்தக் கட்டுரை அவர் கையில் குத்திய ஓர் ஊசியைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அறிவியல் பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகும் அந்த மாணவி போகவில்லை. புத்தகப் பையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

“டீச்சர், ஊசி குத்தினா நோய் வருமா வராதான்னு எத்தன நாள்ல தெரியும்?”

கடைவீட்டு வரிசை ஒன்றின் பின் சந்தில் குப்பை எடுத்துக்கொண்டிருந்தார் அவள் அப்பா. கறுப்புப் பை ஒன்றைத் தூக்கியபோது உள்ளேயிருந்த ஊசி பையையும் கையுறையையும் துளைத்து விரலில் இறங்கிவிட்டது. சட்டையில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். இரவில் வீட்டில் சொன்னபோதுதான் மகள் பயந்துபோனாள். மறுநாள் காலை முதல் வேலையாக மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அவர் போனார். இரத்தம் எடுத்தார்கள், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று மறுபடியும் மறுபடியும் வந்து சோதித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த ஆறு மாதமும் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் கண்கள் அடிக்கடி சன்னலுக்கு வெளியே போய்விடும்.

அந்த ஊசி யாருடையது? அந்த வரிசையில் கிளினிக்கும் இருந்தது, ஊசியைப் பயன்படுத்தும் வேறு கடைகளும் இருந்தன. விசாரித்தபோது எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: “எங்களுடையது இல்லை.” பையில் பெயர் இல்லை, தேதி இல்லை, முகவரி இல்லை. அதனால் கேள்வியும் அங்கேயே நின்றுவிட்டது.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கழிவை உண்டாக்கும் எந்தத் தொழிலும், பெரிய மருத்துவமனையானாலும் ஒற்றை அறை கிளினிக்கானாலும், அந்தக் கழிவு சாம்பலாகும்வரை அதன் மேல் தன் பெயரைத் தாங்க வேண்டும். கழிவு வாசலைத் தாண்டியதும் பொறுப்பும் தாண்டிவிட்டது என்று எண்ணுவதுதான் பின் சந்தில் நடந்த அந்த விபத்துக்குக் காரணம்.

ஏன் இவ்வளவு பயம்?

ஒரு சின்ன ஊசிக்கு இவ்வளவு கவலையா என்று நீங்கள் கேட்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கைப் பாருங்கள். தொற்று உள்ளவருக்குப் போட்ட ஊசி இன்னொருவருக்குக் குத்திவிட்டால், ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு. ஹெபடைடிஸ் சி என்றால் 1.8 விழுக்காடு. எச்ஐவி என்றால் 0.3 விழுக்காடு.

எல்லாரும் எச்ஐவியை நினைத்துத்தான் நடுங்குகிறார்கள். எண்களைப் பார்த்தால் ஹெபடைடிஸ் பி அதைவிட நூறு மடங்கு எளிதாகத் தொற்றுகிறது. அந்த வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட, குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். ஒரு வாரம் குப்பைத் தொட்டியில் கிடந்த ஊசியும் ஆபத்தானதுதான்.

மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. அதனால் உங்களில் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு உண்டு. என் மாணவியின் அப்பா அதற்கு முந்திய தலைமுறை. நம் குப்பையை அள்ளும் மூத்த பணியாளர்கள் பலரும் அப்படித்தான். ஹெபடைடிஸ் சி-க்கோ இன்றுவரை தடுப்பூசியே இல்லை. பாதுகாப்பு குறைந்த கைகளுக்குத்தான் ஆபத்து மிகுந்த பை போய்ச் சேருகிறது.

பதினைந்து விழுக்காடுதான்

மருத்துவமனையிலிருந்து வரும் எல்லாமே நோய்க்கிருமிக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே உண்டாகும் கழிவில் சுமார் 85 விழுக்காடு நம் வீட்டுக் குப்பை போன்றதே: காகிதம், அட்டைப் பெட்டி, உணவு மிச்சம், பொட்டலம். மீதி 15 விழுக்காடுதான் தொற்றும் தன்மையோ, நச்சுத்தன்மையோ, கதிரியக்கமோ உடையது.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு கிளினிக்கில் ஒரு நாளில் 10 கிலோ குப்பை சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரித்துப் போட்டால் தனிக்கவனம் தேவைப்படுவது ஒன்றரை கிலோ மட்டும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டாலோ, இரத்தம் தோய்ந்த பஞ்சு பட்ட காகிதமும் தொற்றுக் கழிவுதான். 10 கிலோவுமே ஆபத்தானதாகிவிடும். அதைச் சரியாக அழிக்கப் பல மடங்கு செலவாகும். செலவைத் தவிர்க்க நினைப்பவர் அப்படியே கறுப்புப் பையில் கட்டிப் பின் சந்தில் வைத்துவிடுவார்.

ஆகவே கழிவை அது பிறக்கும் இடத்திலேயே, பிறக்கும் நொடியிலேயே பிரிக்க வேண்டும். மாலையில் ஒருவர் உட்கார்ந்து பிரிக்கலாம் என்பது பேச்சுக்கே உதவாது. பிரிக்கும் கைக்குத்தான் முதலில் குத்தும்.

இது உங்களுக்குப் புதிதல்ல. படிவம் 4 அறிவியல் பாடநூலின் முதல் இயலைத் திறந்து பாருங்கள். ஆய்வுக்கூட உயிரியல் கழிவை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ என்பது கூர்மையானவை, பி கூர்மையற்றவை, சி விலங்கின் உடல், டி திரவம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிறோம். உங்கள் ஊர்க் கிளினிக்கின் சுவரோரம் இருக்கும் மஞ்சள் பெட்டி அந்தப் பாடத்தின் செயல்வடிவம்தான்.

அந்தப் பெட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? கனமான பிளாஸ்டிக், ஊசியால் துளைக்க முடியாது. வாய் குறுகலாக இருக்கும். கையை உள்ளே விட முடியாது. முக்கால் பங்கு நிரம்பியதுமே மூடிவிட வேண்டும். முழுக்க நிரப்பினால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி அடுத்தவர் விரலைப் பதம்பார்த்துவிடும். ஊசி போட்டவரேதான் அதைப் பெட்டியில் போட வேண்டும். மேசையில் வைத்துவிட்டு இன்னொருவர் எடுக்கட்டும் என்று விடக்கூடாது. ஊசிக்கு மறுபடியும் மூடி போட முயல்வதும் கூடாது. தாதியர் விரலில் ஊசி குத்துவது பல நேரங்களில் அந்த மூடியைப் போடும்போதுதான்.

இரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத் துணி போன்றவை எரிப்பதற்கான மஞ்சள் பைக்குப் போகும். சாதாரணக் குப்பை மட்டுமே கறுப்புப் பைக்கு.

பெட்டியின் மேல் மூன்று பிறைகள் பின்னிய ஒரு சின்னம் இருக்கும். 1966இல் அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது அது. பல வடிவங்களை மக்களிடம் காட்டி, அதுவரை எந்தப் பொருளும் இல்லாத, ஆனால் ஒருமுறை பார்த்தால் மறக்காத வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த மொழி பேசுபவருக்கும் அது ஒன்றையே சொல்கிறது: தொடாதே.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2005இல் அட்டவணைக் கழிவுகளுக்கான ஒழுங்குமுறைகள் வந்தன. ஆபத்தான கழிவுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். நோய்க்கிருமி உள்ள கழிவுக்கும் மருத்துவக் கழிவுக்கும் எஸ்டபிள்யூ 404 என்பது எண்.

அந்த ஒழுங்குமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பெயர்ச்சீட்டு விதி. கழிவு உள்ள கலத்தின் மேல் அது உண்டான தேதி, உண்டாக்கியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். அந்தப் பின் சந்துப் பையில் இந்த ஒரு சீட்டு இருந்திருந்தால் “எங்களுடையது இல்லை” என்று எவரும் சொல்லியிருக்க முடியாது.

அடுத்தது ஒப்படைப்புப் பத்திரம். கழிவை உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கும்போது, என்ன கழிவு, எவ்வளவு எடை, எங்கே போகிறது என்று பதிவாக வேண்டும். ஏற்றிச் செல்பவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்; பெற்றுக்கொள்ளும் நிலையமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் கழிவை அனுப்பியவரிடம் திரும்பி வந்தாக வேண்டும். 30 நாளில் வராவிட்டால் அவரே சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவித்து, என்ன ஆனது என்று விசாரிக்க வேண்டும். கழிவின் கணக்கை மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். இப்போது இவையெல்லாம் இணையவழிப் பதிவாகிவிட்டன.

பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினால் கிடைத்ததற்கான ஒப்புகை அட்டை திரும்பி வருமல்லவா, அதைப் போன்றதுதான் இது. அட்டை வரும்வரை கடிதம் உங்கள் கவலை.

சரி, இந்தக் கழிவு எங்கே போகிறது? வட மாநில அரசு மருத்துவமனைகளின் கழிவை எரிக்க, பேராக்கில் தைப்பிங் அருகே கமுந்திங்கில் எரியுலை அமைக்கப்பட்டது. நம் வீட்டுக் குப்பையோ செபராங் பிறையிலுள்ள பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. இரண்டு பைகளும் தீவைவிட்டு வெளியே போகின்றன. ஆனால் பாதை வேறு, முடிவும் வேறு. ஒன்று நெருப்புக்குப் போகிறது, மற்றது மண்ணுக்கு. மஞ்சள் பைக்குரியது கறுப்புப் பையில் போனால் வழியிலுள்ள ஒவ்வொரு கையையும் தொட்டுவிட்டுத்தான் மண்ணுக்குப் போகும்.

எரியுலை என்றால் குப்பையைக் கொளுத்துவது என்று நினைக்காதீர்கள். திறந்தவெளியில் பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால், அதிலும் குளோரின் உள்ள பிவிசியைக் கொளுத்தினால், டையாக்சின் என்ற நச்சு உண்டாகலாம். மருத்துவக் கழிவு எரியுலையில் 850 முதல் 1,100 டிகிரி செல்சியஸ்வரை வெப்பம் வேண்டும். வெளியேறும் வாயுவையும் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். கிளினிக்கின் பின்னால் ஒரு தகர டின்னில் வைத்துக் கொளுத்துவது ஒருபோதும் இதற்கு மாற்றாகாது.

இன்னொரு வழி ஆட்டோகிளேவ். பாஸ்டரோடு பணியாற்றிய சார்ல்ஸ் சம்பர்லாண்ட் 1879இல் உருவாக்கியது. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் அதே தத்துவம். சாதாரணமாக நீர் 100 டிகிரியில் கொதித்துவிடும், அதற்குமேல் சூடேறாது. அழுத்தத்தைக் கூட்டினால் நீராவி 121 டிகிரியை எட்டும். கொதிநீரிலும் சாகாத பாக்டீரிய வித்துகள் அந்த வெப்பத்தில் சாகும். ஆனால் நீராவி கழிவின் நடுவரை ஊடுருவ வேண்டும். காற்றுப் புகாமல் இறுக்கி அடைத்த பையை உள்ளே வைத்தால், வெளியே சூடாகும், நடுவில் கிருமி பிழைத்திருக்கும்.

பெயர் தொலைந்தால் என்ன ஆகும்?

2024 டிசம்பர் மாதம் தமிழ்நாட்டில் நடந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் மருத்துவக் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டப்பட்டிருந்தது. எல்லை தாண்டிக் கேரளத்திலிருந்து லாரியில் வந்த கழிவு அது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? குப்பைக்குள் நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய காகிதங்கள் கிடந்தன. அவற்றில் திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் பெயர் இருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கழிவைத் திரும்ப எடுத்துச் செல்லக் கேரளத்துக்கு உத்தரவிட்டது. அந்த மாதம் 22ஆம் தேதி கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிப்போனார்கள்.

யோசித்துப் பாருங்கள். குப்பையில் பெயர் இருந்ததால்தான் அது வீடு திரும்பியது. அந்தப் பெயரும் யாரும் பொறுப்போடு ஒட்டியதல்ல. கவனக்குறைவால் வெளியே வந்த நோயாளிகளின் அந்தரங்கக் காகிதம். பெயர்ச்சீட்டு செய்திருக்க வேண்டிய வேலையைத் தற்செயல் செய்தது.

இதைவிடக் கொடுமையானது 2009இல் குஜராத்தின் மோடாசா பகுதியில் நடந்தது. அங்கே ஹெபடைடிஸ் பி திடீரெனப் பரவிப் பலர் இறந்தனர். ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டது காரணமாகத் தெரியவந்தது. பயன்படுத்திய ஊசிக்குழல்களைச் சேகரித்துப் புதியவைபோல் மறுபடி விற்கும் வியாபாரமும் சோதனைகளில் அம்பலமானது. கழிவு தன் பழைய பெயரை இழந்து, புதுப் பொருள் என்ற பொய்ப் பெயரோடு நோயாளியிடமே திரும்பி வந்தது.

நம் நாட்டிலும் 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். அது மருத்துவக் கழிவல்ல. ஆனால் அதே அட்டவணைக் கழிவு ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2024இல் சட்டம் திருத்தப்பட்டுக் கடும் குற்றங்களுக்கான அபராதம் 1 கோடி ரிங்கிட்வரை உயர்ந்திருக்கிறது.

“சின்ன கிளினிக்குக்குக் கட்டுப்படியாகுமா?”

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நாளெல்லாம் லாரி வந்துபோகும் பெரிய மருத்துவமனைக்கு இது சுலபம். ஒற்றை டாக்டர் நடத்தும் கிளினிக்கில் மாதத்துக்குச் சில கிலோதான் சேரும். அதற்காக உரிமம் பெற்ற நிறுவனத்தின் வண்டி தனியாக வர வேண்டும், கட்டணம் தர வேண்டும். பெரும்பாலான கிளினிக்குகள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் ஊசியைத் தொடுவது கிளினிக் மட்டுமல்ல. பல் மருத்துவம், இரத்தச் சோதனை நிலையம், டயாலிசிஸ் மையம், கால்நடை மருத்துவம், அக்குபங்சர், பச்சை குத்தும் கடை, அழகு நிலையம் எல்லாம் பட்டியலில் உண்டு. சிலர் தங்களை மருத்துவத் துறையாகவே நினைப்பதில்லை. ஊசிமுனைக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியாது.

கட்டணம் சுமை என்றால் ஒரே வரிசையில் உள்ள கடைகள் ஒரே நாளில் வண்டி வரும்படி நிறுவனத்தோடு பேசலாம். ஒவ்வொரு பெட்டியிலும் அவரவர் பெயர்ச்சீட்டு இருந்தால் போதும். உரிமம் புதுப்பிக்கும்போது ஒப்படைப்புப் பதிவையும் காட்டச் சொல்லலாம். மாதச் செலவு எவ்வளவு ஆனாலும், என் மாணவியின் வீட்டில் கழிந்த ஆறு மாதத்தோடு அதை வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

நம் வீட்டு ஊசி

கடைசியாக, நம் பக்கமும் திரும்பிப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இனிப்பு நீர் இருக்கிறது. உங்களில் பலர் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இன்சுலின் போட்டுக்கொள்வார்கள். அந்த ஊசி எங்கே போகிறது? பெரும்பாலும் சமையலறைக் குப்பைத் தொட்டிக்கு.

இன்றே ஒன்று செய்யுங்கள். சலவைத் திரவம் வந்த கெட்டியான, திருகுமூடி உள்ள பிளாஸ்டிக் புட்டி ஒன்றை எடுங்கள். வெளியே ‘ஊசி – திறக்காதீர்’ என்று எழுதி ஒட்டுங்கள். பயன்படுத்திய ஊசியை உடனே அதில் போடச் சொல்லுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் இறுக மூடி, மருந்து வாங்கும் கிளினிக்கில் கொடுத்துப் பெற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலர் மறுப்பார்கள். மறுத்தாலும் கேளுங்கள். ஊசியை விற்கும் மருந்துக்கடையும் கொடுக்கும் கிளினிக்கும் பயன்படுத்திய ஊசியைத் திரும்பப் பெற வேண்டும் என்பது என் கருத்து. கேட்பவர் கூடினால்தான் அந்த வழக்கம் வரும்.

ஒருவேளை உங்களுக்கோ தெரிந்தவருக்கோ ஊசி குத்திவிட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காயத்தைப் பிதுக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவியைத் தடுக்கும் மருந்து தேவை என்று டாக்டர் முடிவு செய்தால், அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

என் மாணவியின் அப்பாவுக்கு ஆறாவது மாதச் சோதனையிலும் தொற்று எதுவும் இல்லை. அன்று அவள் வகுப்புக்கு ஒரு டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்தாள். அவர் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறார். ஒரு மாற்றம் மட்டும் உண்டு. எந்தப் பையையும் இப்போது அவர் உடம்போடு அணைத்துத் தூக்குவதில்லை. கழுத்தைப் பிடித்து, கை நீட்டி, தள்ளியே தூக்குகிறார். உங்கள் வீட்டுப் பையையும் அப்படித்தான் தூக்குவார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.